கட்டி வளர்க்க முடியாத பசு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது அவர்கள் எதிர்பார்த்தது யாதென்பதை யான் அறிவேன். தமிழாசிரியன் ஒருவனிடம் இலக்கிய நயமோ, சம்பந்தரும் சுந்தரரும் பாடிப் போற்றிய திருக்கேதீச்சரத்தின் பெருமையோ கேட்பது இயல்பே. அவ்விரண்டையும் என்னினும் நன்றாக எழுத வல்லார் எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் உளர். ஆகவே யான் ஒரு விலங்கைப் பற்றி எழுதத் துணிந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கும் செய்தி ஒன்று அவ்விலங்கோடு சேர்ந்து வருகின்றது. வகுப்பறையில் அதனை ஒருமுறையேனும் வாய்விட்டுக் கூறியதில்லை.

மன்னார்க் கடலிற் கடற்பசு என்றோர் உயிர் உண்டு. எம் மீனவர் அதனைக் கடற்பன்றி என்பர். அக்கரையில் இராமநாதபுரத்துக் கரையோரத்தார் ஆவுளியா என்பர். சிங்கள மக்கள் இட்ட பெயரும் கடற்பன்றி என்னும் பொருளதே. நூல் வழக்கிற் கடற்பசு என்பது நிலைத்துவிட்டது, பொருத்தமும் அதுவே. மீன் போன்ற உருவமும் பிளவுபட்ட வாலும் உடையதேனும் அது மீனன்று. நுரையீரலால் மூச்சு விடுவது. ஆதலிற் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு மேலே மூக்கை நீட்டியே தீரவேண்டும். நன்கு வளர்ந்த ஒன்று ஏறத்தாழ 3 மீற்றர் நீளமும் 300, 400 கிலோகிராம் நிறையும் உடையதாயிருக்கும். அத்துணைப் பேருடலும் வளர்வது புல்லைத் தின்றே. ஆழங்குறைந்த கடலடியில் வேரூன்றிப் பூத்துக் காய்க்கும் கடற்புல்லை எம் கரையோரத்தார் சாதாளை என்று பொதுவாகச் சொல்வர். அதனை நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை வேரோடு பறித்து மேயும். மேய்ந்த இடத்தில் உழுத சால் போல் ஒரு தடம் நீளும். அத்தடத்தைக் கண்டு அதன் வரவை அறியும் முதியவர்கள் எம் கரையில் இன்னும் இருக்கின்றனர். உறவுமுறை பார்த்தால், திமிங்கிலத்தைவிட யானையே இதற்கு நெருங்கிய இனம். முதிர்ந்த ஆணுக்குச் சிறு கொம்புகளும் முளைக்கும்.

எமது கடலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நெடியது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய 1560 ஆம் ஆண்டிலேயே, மீனவர் வலையில் ஏழு கடல் மாந்தர் அகப்பட்டனர் என்றும், யேசு சபைக் குருமாரும் கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதியின் வைத்தியரும் அவற்றைக் கண்டனர் என்றும் ஒரு பழங்குறிப்பு உண்டு. அதனை எடுத்துக்காட்டும் சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், அவை கடற்பசுக்களே எனக் கொள்கின்றார். 1847 இல் மன்னாரிற் கொல்லப்பட்டுக் கொழும்பில் தமக்கு அனுப்பப்பட்ட ஒன்று 7 அடிக்கு மேல் நீளமுடையதாயிருந்தது என்றும் எழுதியுள்ளார். தாயின் பாற்காம்புகள் முன் துடுப்புகளின் அருகே, மார்பில் இருத்தலின், தூரத்தே நின்று பார்த்த மாலுமிகள் கடற்கன்னி என மயங்கினர் போலும். மயக்கம் எதுவாயினும், அன்று கண்டவர்களும் அனுப்பியவர்களும் அதனைக் கொன்றே கண்டனர் என்பதை மறத்தலாகாது.

இனி என் கதைக்கு வருகின்றேன். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபொழுது எனக்குப் பதினொரு வயது. பேசாலைக் கரையிலிருந்து இருளிற் படகேறி, எமது குடும்பம் இராமேசுவரம் சேர்ந்தது. அங்கிருந்து மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டோம். ஒருகாலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரைத் தொற்றுநோய் உண்டோ எனத் தடுத்து வைத்துப் பார்த்து அனுப்பிய இடம் அது. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தோம். அரிசி தந்தார்கள், பாடசாலை தந்தார்கள், தலைகளை எண்ணினார்கள். தந்தவர்களிடம் எனக்கு நன்றியுண்டு. ஆயினும் மாலை வேளைகளில் என் தந்தையார் கிழக்கே கடலை நோக்கி இருந்த இருப்பை இன்றும் மறக்கக்கூடவில்லை.

முகாமுக்கு அயலிலே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1947 இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்துக்கு 1971 வரை தலைமையிடம் மண்டபமே. முகாம் வாயிலருகே வறுத்த கடலை விற்கும் முதியவர் ஒருவர் தம் இளமையில் அந்நிலையத்துக்குக் கடற்புல் சுமந்தவராம். கடலை வாங்கக் காசில்லாத எங்களுக்கு அவர் கதை தருவார். 1959 இல் ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆவுளியா உயிரோடு பிடிபட்டன. கடல்நீர் நிறைத்த தொட்டியிலே அவற்றை விட்டார்கள். நாள்தோறும் கூடை கூடையாகப் புல் சுமந்து போட்டார்கள். ஆள் வரும் காலடி அறிந்து அவை மூக்கை நீட்டும் என்பார். அந்தச் சோடி பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. உலகில் வேறெங்கும் அக்காலத்தில் ஒரு கடற்பசு அத்துணைக் காலம் அடைபட்டு வாழ்ந்ததில்லை என்பதைப் பின்னாளில் நூல்களிற் படித்தறிந்தேன். முதியவர் கதையை முடிக்கும்பொழுதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வார். “எல்லாம் குடுத்தோம் தம்பி, குட்டி மட்டும் போடலை.” பதினொரு வயதுச் சிறுவன் அந்த வாக்கியத்தை என்ன செய்வான்? பத்தாண்டு வளர்த்தார்கள் என்பதை மட்டும் மனத்திற் பதித்துக்கொண்டேன்.

2003 ஆம் ஆண்டு, போர் ஓய்ந்திருந்த காலம். பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில் கரையோரச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். கண்ணாற் காணாததைப் பிள்ளை கற்காது, காட்சிப்பொருள் கொண்டு கற்பித்தலே கற்பித்தல் என்று கலாசாலையிற் கற்ற பாடம் உடம்பெல்லாம் ஊறியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, திருக்கை வலையில் ஒரு கடற்பசு அகப்பட்டுவிட்டதெனப் பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். யான் போனபொழுது தாய் இறந்துவிட்டது. வலையிற் சிக்குண்ட கடற்பசு மூச்செடுக்க மேலே வரமாட்டாமல் நீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். அதன் பக்கத்தில், ஒரு மீற்றரினும் சிறிது நீண்ட கன்று ஒன்று, வலையிற் படாமலே, விட்டகலாமல் நின்றதாம். அதனையும் தூக்கி வந்திருந்தார்கள். தாயின் இறைச்சி என்ன ஆயிற்று என்பதை இம்மலரில் எழுதவேண்டியதில்லை, கரையோரத்தார் அறிவர்.

“மாஸ்ரர், இது பால்குடி. கடலிலை விட்டாலும் சாகும், கரையிலை வைச்சாலும் சாகும்” என்றார் சம்மாட்டியார். மண்டபத்திற் பத்தாண்டு வளர்த்த கதையை யான் அவருக்குச் சொன்னேன். ஆழங்குறைந்த நீரிற் கம்புகள் நாட்டி வலை சுற்றி ஒரு பட்டி அமைத்து, கன்றை அதனுள் விட்டோம். அன்று பிற்பகல் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் வரிசையாக அழைத்துச் சென்று காட்டினேன். கரும்பலகையில் அதன் படம் வரைந்து உறுப்புகளுக்குப் பெயர் எழுதினேன். அத்துணைச் சிறந்த பாடத்தை அதற்கு முன்னும் பின்னும் யான் நடத்தியதில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக இடுப்பளவு நீரில் இறங்கி அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்கள்.

1970 ஆம் ஆண்டிலிருந்தே கடற்பசு எமது நாட்டிற் சட்டத்தாற் காக்கப்பட்ட உயிர். பிடித்தல், கொல்லல், வைத்திருத்தல் யாவும் குற்றமாகும். உரியவர்க்கு அறிவித்திருக்க வேண்டியவன் யான். அறிவித்தாற் கன்றைக் கொண்டுபோய் விடுவார்கள் என்பதனால் அறிவிக்கவில்லை. இதனைவிட நல்ல காரணம் ஒன்று சொல்ல இன்றும் என்னிடம் இல்லை.

பசுப்பாலிற் சிறிது நீர் கலந்து, குழந்தைப் போத்தலில் ஊட்டிப் பார்த்தோம். முதல் நாள் குடித்தது, எமக்கெல்லாம் பெருமகிழ்ச்சி. இரண்டாம் நாள் வயிறு ஊதியது. சாதாளையைப் பறித்து வந்து முன்னே போட்டோம்; மூக்கால் தள்ளிவிட்டது. இரவானதும் அது குரல் கொடுக்கத் தொடங்கியது. அத்துணைப் பெரிய உயிரின் குரல் முரட்டுத்தனமாக இருக்குமென எண்ணியிருந்தேன். அதுவோ கூட்டிலிருக்கும் குருவிக் குஞ்சின் கீச்சொலி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், மீனவர் மகன், வீட்டுக்குப் போகாமற் பட்டியருகே இருந்தான். “சேர், இது ஏன் கத்துது?” என்றான். யான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் விடியற்காலையிற் குரல் நின்றுவிட்டது. இறைச்சிக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல், பிள்ளைகளே மணலிற் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

விட்டிருந்தாற் பிழைத்திருக்குமா? பிழைத்திராது. சம்மாட்டியார் கூறியதே உண்மை. ஆனால் யான் அதனைப் பிழைக்க வைப்பதற்காக வைத்திருக்கவில்லை. காட்டுவதற்காக வைத்திருந்தேன். இந்த வேறுபாடு எனக்கு விளங்குவதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

அதன்பின் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். தமிழாசிரியனுக்கு இது வேண்டாத வேலை என நண்பர் சிலர் நகைத்ததுண்டு. படித்ததிற் கடற்பசுவின் இனப்பெருக்கம் பற்றிய பகுதியே என்னை வருத்தியது. எழுபது ஆண்டு வரை வாழவல்ல இவ்வுயிர், முதற் கன்றை ஈனுவதற்குக் குறைந்தது ஆறேழு ஆண்டுகள் செல்லும். சிலவற்றுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் ஆகும். சூல் தாங்கும் காலம் 13 முதல் 15 மாதம். ஈனுவது ஒரே கன்று. அக்கன்று ஒன்றரை ஆண்டு வரை தாயின் மருங்கிலேயே நின்று பால் குடிக்கும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. கடற்புல் குறைந்த காலங்களில் அவ்விடைவெளி இன்னும் நீளும். அன்று அந்தத் திருக்கை வலையில் இறந்த தாய்க்கு ஈடுசெய்ய இன்னொரு தாய்க்கு எத்தனை ஆண்டு வேண்டும் என ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று செய்யலாம். யான் செய்து பார்த்திருக்கிறேன்.

விலங்குக் காட்சிச்சாலைகளை முற்றாகப் பழிப்பவனல்லேன். அருகிவரும் உயிர்களுட் சில, அடைத்து வைத்த இடத்திலும் பெருகுகின்றன. சென்னைக்கு அண்மையில் 1976 இல் தொடங்கப்பெற்ற முதலைப் பண்ணையில் முதலைகள் முட்டையிட்டுப் பல்லாயிரமாகப் பெருகின. தாயிழந்த யானைக் கன்றுகளுக்கென 1975 இல் அமைந்த பின்னவல நிலையத்தில் 1984 இல் முதற் கன்று பிறந்தது. 2021 ஓகஸ்டில் அங்கே ஒரு யானை இரட்டைக் கன்று ஈன்ற செய்தியை நாமெல்லாம் பத்திரிகைகளிற் படித்தோம். யானையைச் சங்கிலியிற் கட்டி வைப்பது சரியோ என்ற வழக்கு வேறு. ஈனுகின்றது என்பது உண்மை. ஆபிரிக்க, அமெரிக்க ஆறுகளிலும் கரையோரங்களிலும் வாழும் கடற்பசுவின் ஒன்றுவிட்ட உறவினங்கூட நன்னீர்த் தொட்டியில், கீரையும் இலைக்கோசும் தின்று, கன்று ஈன்றிருக்கின்றது.

எமது கடற்பசு அப்படியன்று. அடைபட்ட இடத்தில் அது கன்று ஈன்றதாக உலகில் எங்கும் ஒரு செய்தியும் இல்லை. மண்டபத்துச் சோடி பத்தாண்டு கூடியிருந்தும் ஈனவில்லை. யப்பானில் தோபா நகரத்து நீர்வாழ் உயிர்க் காட்சிச்சாலையில் ஓர் ஆண் இருந்தது. 1987 இல் பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து ஒரு பெண்ணும் அங்கே கொணரப்பட்டது. 2011 இல் ஆண் இறக்கும் வரை இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் பயனில்லை. அவுஸ்திரேலியாவிற் சிட்னி நகரில், தாயிழந்து கரையொதுங்கிய கன்றுகள் இரண்டை இலைக்கோசு கொடுத்து வளர்த்தெடுத்தார்கள்; அவற்றுள் ஒன்று 2018 இல் இறந்தது. உயிரோடு வைத்திருப்பதே இத்துணை அரிது. கடற்புல்லைத் தவிர வேறொன்றை விரும்பாத வாய். அப்புல்லையோ தொட்டியில் வேண்டிய அளவு வளர்த்தல் அரிது. நாளெல்லாம் மேய்ந்து திரிய வேண்டிய உடல். தொட்டியோ நாலு சுவர். இவையன்றி, இணையைத் தேடிச் செல்லவும் விலகிச் செல்லவும் வேண்டிய பரந்த வெளியும் அதற்குத் தேவைபோலும். அந்த வெளியை விலைகொடுத்து வாங்கித் தொட்டிக்குள் வைக்க எவராலும் இயலவில்லை.

2019 இல் தாய்லாந்துக் கரையில் தாயிழந்த கன்று ஒன்று கண்டெடுக்கப்பட்டது. மரியம் எனப் பெயரிட்டார்கள். என்னைப் போன்ற அறியாத ஆசிரியன் அன்று. கற்றுத் தேர்ந்த விலங்கு வைத்தியர்கள், ஆழங்குறைந்த கடலிலேயே அதனை விட்டு, முறையாகப் பாலூட்டி, நாள்தோறும் நீந்தப் பழக்கினார்கள். நாடே அதன் மீது அன்பு கொண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் அது இறந்தது. வயிற்றிற் பிளாஸ்ரிக் துண்டுகள் இருந்தன. சில நாட்களில் இன்னொரு கன்றும் அங்கே இறந்தது. அச்செய்தியை வாசித்த இரவில் யான் உறங்கவில்லை. வல்லவர்களாலும் முடியாததை முடியுமென எண்ணினேனே என்ற நாணம் ஒருபுறம். என்னால் மட்டும் இறந்ததன்று என்ற ஓர் ஆறுதல் மறுபுறம். அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே, காட்சிச்சாலை என்னும் கடைசிப் புகலிடம் இவ்வுயிருக்கு இல்லை. புலி குறைந்தால் அடைத்து வைத்தேனும் வித்தைக் காக்கலாம்; கடற்பசு கடலில் இல்லையேல் எங்கும் இல்லை. வடபசிபிக் கடலில் இதன் பேருருவ உறவு ஒன்று இருந்தது. 1741 இல் அறிஞர் கண்ணிற் பட்டது; 1768 அளவில், இருபத்தேழே ஆண்டுகளில், இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு முற்றாக அழிந்தது. சீனக் கடலில் எமது இனமே இனப்பெருக்கம் செய்யும் நிலையை இழந்துவிட்டது என 2022 இல் அறிஞர் உரைத்தனர்.

அதன் ஈற்றறை எமது வாசலில் இருக்கின்றது. மன்னார்த் தீவின் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்குநீரிணைக் கடல். இரண்டிலும் சாதாளைப் படுகைகள். அக்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022 இல், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இக்கரையில் விடத்தல்தீவுக் கடலும் கண்டற்காடும் 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டன. 2024 இல் அதன் ஒரு பகுதியை நீர்வாழ் உயிர் வளர்ப்புக்காக விலக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கடலடியை வழித்துச் செல்லும் இழுவைமடித் தொழில் எமது நாட்டில் 2017 இற் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் இரவிற் கேட்கும் இயந்திர ஒலியை எம் கரையோர மக்களிடம் கேட்டுப் பாருங்கள். இழுவைமடி புல்லை வேரோடு வாரிச் செல்கின்றது. புல் போனாற் கடற்பசு மட்டுமா போகும்? இறாலும் ஓராவும் எங்கே குஞ்சு பொரித்து வளரும்? இதனை மீனவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களே நமக்குக் கற்பிப்பார்கள்.

எனினும் ஒன்று சொல்வேன். வலையில் அகப்பட்டதை விடுவிக்க வேண்டுமாயின் வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு யார் பொறுப்பு? அக்கரையில், வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறையினர் பரிசுத்தொகை வழங்கியுள்ளனர். இது தயவன்று, நீதி என்றே யான் கருதுகிறேன். சட்டத்தை மட்டும் நீட்டினால், அகப்பட்டது வெளியே தெரியாமற் போகுமேயன்றி அகப்படாமற் போகாது.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலை என் தொலைபேசி ஒலித்தது. அன்று பட்டியருகே இரவெல்லாம் இருந்த அந்தப் பையன். இன்று இரண்டு பிள்ளைகளின் தந்தை, சொந்தமாக ஒரு படகு உடையவன். “சேர், ஒண்டு வலையிலை பட்டிட்டுது. மூச்சு இருந்தது, அறுத்து விட்டிட்டன்” என்றான். சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “கன்று பக்கத்திலை நிண்டது சேர், ரெண்டும் ஒண்டாய்த்தான் போச்சுதுகள்” என்றான்.

அன்று மாலை அவனுடைய வாடிக்குப் போனேன். வலையைக் கம்புகளிற் தொங்கவிட்டு வலையூசியோடு இருந்தான். கிழிசல் ஓர் ஆள் நுழையும் அகலம் இருந்தது. நட்டத்துக்கு எங்கேனும் விண்ணப்பிக்கலாமோ என ஏற்கெனவே கேட்டுப் பார்த்தானாம். அதற்கு வழியில்லை என்று விடை கிடைத்ததாம். அதைப்பற்றி அவன் அதிகம் பேசவில்லை. பழைய கன்றைப் பற்றியும் அவன் பேசவில்லை, யானும் பேசவில்லை. மறுநாள் கடலுக்குப் போகவேண்டும் என்றான். இருட்டும் வரை அருகிலிருந்து நூலைப் பிடித்துக் கொடுத்தேன்.